மறைக்கத் தகாத குறை

பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காக்கும் சட்டங்களைப் பற்றி, மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் எழுத வேண்டிய பொருள் இது என்பர். ஆயினும் நம் மக்கள் வழக்கறிஞரின் வாசலுக்குப் போகுமுன் ஆலிமின் வாசலுக்கே வருகிறார்கள். அவர்கள் கேட்பது சட்டம் என்ன என்பதை அன்று, "இதை வெளியில் சொல்ல மார்க்கத்தில் இடம் உண்டா?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவன் நாட்டின் சட்டத்தையும், அது பிறந்த வரலாற்றையும் அறிந்திராவிட்டால், சொல்லும் பதில் பாதிப் பதிலாகவே நின்றுவிடும். ஆகவே கிதாபுகளுக்கு நடுவே சில சட்ட நூல்களையும், அயல்நாட்டு விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளைப் பற்றிய நூல்களையும் வைத்துக்கொண்டு சில காலம் படித்தேன்.

படிக்கப் படிக்க ஓர் உண்மை புலப்பட்டது. நிலவரிச் சட்டமும் வணிகச் சட்டமும் அறிஞர்களின் ஆலோசனையில் பிறந்திருக்கலாம். பிள்ளைகளுக்கான சட்டங்களோ பெரும்பாலும் ஒரு பிள்ளையின் துன்பத்திலோ மரணத்திலோ பிறந்தவை. பிரிவுகளைப் புரட்டினால் அவற்றுக்குப் பின்னால் ஒரு சிறு முகம் நிற்கிறது.

முதல் முகம் நியூயார்க் நகரத்துச் சிறுமி மேரி எல்லன். 1874ஆம் ஆண்டு. பத்து வயதுப் பிள்ளை. வளர்ப்புத் தாயின் வீட்டில் அடியும் பூட்டிய அறையுமாக வளர்ந்தவள். எட்டா வீலர் என்ற ஊழியப் பெண்மணி அக்கம்பக்கத்தார் வாய்மொழியாக அதை அறிந்தார். பல இடங்களில் சொல்லியும் பயனின்றி, இறுதியில் விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கத்தின் தலைவர் ஹென்றி பெர்க்கிடம் போனார். குதிரையை அடிப்போரைத் தடுக்கச் சங்கம் இருந்தது. பிள்ளையை அடிப்போரைத் தடுக்கச் சங்கம் இல்லை! அச்சிறுமியை விலங்கு என்று வாதிட்டே நீதிமன்றத்தில் காப்பாற்றினார்கள் என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு, அது கட்டுக்கதை. பெர்க்கின் நண்பரான வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி சட்டத்தில் முன்பே இருந்த ஒரு வழியைக் கொண்டே பிள்ளையை நீதிபதியின் முன் வருவித்தார். ஆக, வழி அன்றும் இருந்தது. அதில் நடக்க ஆள்தான் இருக்கவில்லை. வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டுச் சிறை. மேரி எல்லன் நல்ல இல்லமொன்றில் வளர்ந்து, மணமுடித்து, பிள்ளைகள் பெற்று, 1956இல் தொண்ணூறு வயது கடந்து மறைந்தார். குழந்தைகள் வதைத் தடுப்புச் சங்கம் உலகில் முதன்முதலாக அந்நகரில் எழுந்தது. அதைக் கண்டு 1883இல் லிவர்பூலிலும் மறு ஆண்டு லண்டனிலும் அத்தகைய சங்கங்கள் தோன்றின. 1889இல் இங்கிலாந்து, பெற்றோரேயாயினும் பிள்ளையை வதைத்தால் அரசு தலையிடலாம் என்று சட்டம் இயற்றியது.

இந்த இடத்தில் வாசகர் சிலர் முகம் சுளிக்கலாம். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் இடையில் அரசுக்கு என்ன வேலை என்பார்கள். நம் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டியோருக்கு இது புதிய செய்தி அன்று. பிள்ளையின் மீது பெரியவருக்கு இருப்பது பொறுப்பேயன்றி உடைமை அன்று. யதீமின் சொத்துக்குப் பொறுப்பேற்ற வலீ அதைக் கெடுப்பாராயின் காழி அவரை நீக்கிவிட்டு வேறொருவரை அமர்த்தலாம். அச்சொத்தைத் திருப்பி ஒப்படைக்கையில் சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறு திருமறையே கட்டளையிடுகிறது. காசுக்கே சாட்சி கேட்ட மார்க்கம், அப்பிள்ளையின் உடலுக்கும் மனத்துக்கும் நேர்ந்ததைப் பற்றிக் கணக்குக் கேட்காமல் விட்டுவிடுமா?

இங்கிலாந்தின் வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் அங்கே ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் உட்கார்ந்து விசாரித்து, யார் எங்கே தவறினார் என்பதை அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை நாம் அவர்களிடம் மெச்சத்தான் வேண்டும்.

1945 ஜனவரியில் டென்னிஸ் ஓநீல் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஷ்ராப்ஷயர் பகுதிப் பண்ணையொன்றில் பட்டினியாலும் அடியாலும் இறந்தான். சொந்த வீட்டில் கவனிப்பு இல்லை என்று நகராட்சியே அவனைப் பிரித்து அப்பண்ணைக்காரரிடம் ஒப்படைத்திருந்தது. அவன் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் சென்று பார்த்த பெண் அலுவலர் ஒருவர், பிள்ளையின் நிலை சரியில்லை, அவனை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். அந்தத் தாள் மேசைகளைக் கடந்து உத்தரவாக மாறுமுன் பிள்ளை போய்விட்டான். அதன்பின் வந்த விசாரணைகளின் பயனாக 1948இல் புதிய குழந்தைகள் சட்டம் பிறந்தது.

மருத்துவர்களும் நெடுங்காலம் கண்ணிருந்தும் காணாதவர்களாகவே இருந்தனர். 1946இல் ஜான் காஃபி என்ற அமெரிக்க மருத்துவர், தலைக்குள் இரத்தம் கசிந்த சிசுக்கள் சிலரின் கை கால் எலும்புகளில் முறிவுகளும் இருப்பதை எக்ஸ்ரே படங்களில் கண்டு எழுதினார். பெற்றவர்களே இதைச் செய்திருப்பார்கள் என்று நம்ப மருத்துவ உலகுக்கு மனம் வரவில்லை. 1962இல் டாக்டர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய தோழர்களும் அதற்கொரு பெயரிட்டு வெளிப்படையாக எழுதிய பிறகே உலகம் திடுக்கிட்டு விழித்தது. ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும், இத்தகைய காயத்தைக் கண்ட மருத்துவர் அதைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று சட்டமியற்றிவிட்டன.

பின்னர் 1973இல் பிரைட்டன் நகரத்து மரியா கோல்வெல். வயது ஏழு. தன்னை அன்போடு வளர்த்த அத்தையிடமிருந்து பிரித்து, 'பெற்றவளிடம் இருப்பதே முறை' என்று தாயிடம் அனுப்பப்பட்டவள். அங்கே மாற்றுத் தகப்பனின் கையால் மாண்டாள். அக்கம்பக்கத்தார் முறையிட்டிருந்தார்கள், பள்ளி ஆசிரியை கவலை தெரிவித்திருந்தார், பல அலுவலர்கள் வந்து போயிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச் செய்தி இருந்தது. துண்டுகளைச் சேர்த்துத் தைப்பார் இல்லை. அடுத்த ஆண்டு முதல் ஊர்தோறும் காவலரும் மருத்துவரும் ஆசிரியரும் சமூகப் பணியாளரும் கூடிப் பேசும் குழுக்களும், ஆபத்திலிருக்கும் பிள்ளைகளுக்கான பதிவேடுகளும் அமைக்கப்பட்டன.

கூடிப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் இல்லை. 1987இல் கிளீவ்லாந்து பகுதியில் இரு மருத்துவர்களின் கணிப்பை நம்பிச் சில மாதங்களுக்குள் 121 பிள்ளைகளைத் தகாத முறையில் தீண்டப்பட்டவர்கள் என்று முடிவுகட்டி, பலரை வீடுகளிலிருந்து பிரித்துவிட்டார்கள். பின்னர் பெரும்பாலோர் வீடு திரும்பினர். ஊமையாக இருப்பது ஒரு தீங்கு என்றால், பிள்ளையை வெறும் பரிசோதனைப் பொருளாக நடத்துவது இன்னொரு தீங்கு. அடுத்து வந்த 1989ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண முயன்றது.

இவர்களுள் என் உறக்கத்தைக் கெடுத்தவள் விக்டோரியா கிளிம்பியே. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுப் பிள்ளை. நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் அவளை உறவுக்காரி ஒருத்தியுடன் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். நம் வீடுகளில் இது எத்துணை சாதாரணமான செயல் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டு வயதில், 2000 பிப்ரவரியில், உடலெங்கும் 128 காயங்களோடு அவள் லண்டனில் இறந்தாள். அவளைக் காப்பாற்றப் பன்னிரண்டு வாய்ப்புகள் இருந்தன என்று லேமிங் பிரபுவின் விசாரணை கண்டது. ஒரு மருத்துவமனையில் அவளுடைய புண்களைச் சொறி என்றார்கள்; அச்சொல்லைக் கேட்டபின், தங்களுக்கும் தொற்றிவிடுமோ என்று அஞ்சி அதிகாரிகள் அவ்வீட்டுக்குப் போவதைத் தவிர்த்தார்கள். மத போதகர் ஒருவர் பேய் பிடித்திருக்கிறது என்று எண்ணினார். பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தினாலோ இரவில் அலறினாலோ தாயத்தைத் தேடி ஓடும் நம்மவர்கள் இந்த ஒரு வரியைச் சற்று நின்று படிக்க வேண்டும். 108 பரிந்துரைகளோடு 2003இல் அறிக்கை வந்தது. மறு ஆண்டு மீண்டும் ஒரு சட்டம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் 1908இல் இயற்றப்பட்ட குழந்தைகள் சட்டத்தை ஒட்டி, இந்தியாவிலேயே முதலாவதாகக் குழந்தைகளுக்கெனச் சட்டம் செய்தது நம் சென்னை மாகாணந்தான், ஆண்டு 1920. நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம் 1986இல் வந்து, 2000இலும் 2015இலும் திருத்தி எழுதப்பட்டது. 1996இல் பம்பாயில் தொடங்கிய 1098 என்ற இலவசத் தொலைபேசி எண் பின்னர் நாடெங்கும் பரவியது. இப்போது அது மாநில அரசுகளின் பொறுப்பில் நடக்கிறது. எனினும் மிக மறைவான தீங்கைப் பற்றி நெடுங்காலம் யாரும் வாய் திறக்கவில்லை. 2007இல் மத்திய அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளைக் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. அவர்களுள் 53 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவ்வாறு சொன்னவர்களுள் சரிபாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆண் பிள்ளைகள். பெரும்பாலோர் அதற்குமுன் அதை எவரிடமும் சொன்னதில்லை. 'பெண் பிள்ளையைத்தான் காக்க வேண்டும், ஆண் பிள்ளைக்கு என்ன' என்று இருக்கும் வீட்டார் இந்தக் கணக்கை மனத்தில் இருத்துவார்களாக.

அதன்பின் வந்ததே போக்சோ என்று சுருங்க அழைக்கப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டம். பதினெட்டு வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலரையும் அது காக்கிறது. அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு நம் அனைவரையும் தொடுவது. இத்தகைய குற்றம் நடந்தது என்று அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை; நிறுவனத்துக்குப் பொறுப்பானவர் தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்கு வராது. மதரஸா, யதீம்கானா, கோயில், சர்ச் என்ற பேதம் இதற்கு இல்லை.

இந்தப் பிரிவைப் படித்து முடித்திருந்த காலத்தில்தான் ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். ஊரையும் ஆண்டையும் சொல்ல மாட்டேன். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பதும் சட்டம். அவருடைய மகள் வழிப் பேரன் என் மக்தபில் ஓதியவன். சில வாரங்களாகப் பாடம் நிற்காமல் தடுமாறிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்துபோகும் உறவினன் ஒருவன் அவனிடம் நடந்துகொண்ட முறையை அவன் பாட்டியிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். மூத்த பேத்திக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்த நேரம்.

"ஆலிம்சா, ஒரு முஸ்லிமின் குறையை மறைத்தால் அல்லாஹ் நம் குறையை மறைப்பான் என்று நீங்கள்தானே பயானில் சொன்னீர்கள்? இதையும் மறைத்துவிடலாமா?" என்று கேட்டார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அந்த நன்மொழியை நான் பலமுறை ஓதிக்காட்டியது உண்மை. அதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தீங்கும் குழப்பமும் விளைப்பவர் என்று அறியப்படாத கண்ணியமானவரின் தவறு பற்றியதே அது என்று வரையறுக்கிறார்கள். தீங்கு செய்வதில் பழகியவனை மறைப்பது நன்றன்று, ஆட்சிப் பொறுப்பாளரிடம் கொண்டுசெல்வதே நன்று என்றும், நடந்துகொண்டிருக்கும் பாவத்தைக் கண்டால் தடுப்பது கடமை என்றும் பிரித்துக் காட்டுகிறார்கள். அடியானுக்கும் இறைவனுக்கும் இடையிலுள்ள குறை வேறு. ஒரு பிள்ளையின் மீது இழைக்கப்பட்ட அநியாயம் வேறு. பின்னதை மன்னிக்கும் உரிமை பாட்டிக்கும் இல்லை, எனக்கும் இல்லை, ஜமாஅத்துக்கும் இல்லை.

இதை அவருக்கு விளங்கும் சொற்களில் சொன்னேன். "ராத்தா, பிள்ளை உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறான். நீங்கள் மறைத்தால் அவன் இனி யாரிடமும் சொல்ல மாட்டான்" என்றேன். அவர் வெகுநேரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பேத்தியின் நிக்காஹ் நின்றுபோனால்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மனைவி அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். அங்கிருந்தே 1098க்குப் பேசினோம்.

அன்று மாலைக்குள் செய்தி பரவிவிட்டது. இரவு இஷாவுக்குப் பின் பெரியவர்கள் நால்வர் வந்தார்கள். நல்லவர்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. "ஹஜ்ரத், ஊர் மானம் போய்விடும். ஜமாஅத்திலேயே பேசி, அவனை வெளியூர் அனுப்பிவிடுவோம்" என்றார்கள். "வெளியூரில் பிள்ளைகள் இல்லையா?" என்று மட்டும் கேட்டேன். மானத்தைப் பற்றிய பேச்சில் அப்பிள்ளையின் பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

மறுநாள் பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் சீருடையின்றி, சாதாரணச் சேலையில், வீட்டுக்கே வந்து பிள்ளையின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். சட்டம் விதித்திருப்பதே அதுதான். பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் குற்றவாளியைக் கண்ணுக்கு நேரே நிறுத்தக் கூடாது. மீண்டும் மீண்டும் வரவழைக்கக் கூடாது. அதட்டிக் கேள்வி கேட்கக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழு ஓர் உதவியாளரை அவனுக்குத் துணையாக அமர்த்தியது. கூடுமானவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டிய வழக்கு அதையும் கடந்து நீண்டது. மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் போய், 'இன்று நீதிபதி விடுப்பு' என்று கேட்டுத் திரும்பிய நாள்களும் உண்டு. காகிதத்தில் உள்ள சட்டத்துக்கும் நீதிமன்றத்து வராந்தாவுக்கும் நடுவே ஒரு நெடும்பாதை கிடக்கிறது. அதில் அந்த மூதாட்டி ஒருநாளும் சலிக்காமல் நடந்தார். தீர்ப்பு வந்தது, குற்றவாளி சிறை சென்றான். நிச்சயித்த மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேத்திக்கு ஈராண்டு கழித்து வேறிடத்தில் நிக்காஹ் நடந்தது. பையன் ஏழாம் ஜுஸ்உவை முடித்துவிட்டான்.

பிரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் அடியைத் தடுக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மதரஸாக்களும் வேத பாடசாலைகளும் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. இதைச் சொல்லிச் சில உஸ்தாதுமார்கள் நிம்மதி கொள்கிறார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் எவர் கொடுமை செய்தாலும் தண்டிக்கும் என்பதை அவர்கள் அறிய வேண்டும். சட்டம் கிடக்கட்டும். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கடுமையால் வளர்க்கப்பட்ட மாணவன் பொய்யும் சூதும் பழகி ஊக்கம் குன்றிப்போவான் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். பிரம்புக்கு அஞ்சும் பிள்ளை, தன்னை வேறொருவன் தொட்டதை அந்தப் பிரம்பைப் பிடித்திருக்கும் கையிடமா வந்து சொல்வான்?

சென்ற மாதம் எங்கள் மக்தபின் நிர்வாகக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை முன்வைத்தேன். ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையைத் தனியே வைத்துக் கதவைச் சாத்திப் பாடம் நடத்தக் கூடாது என்பது முதலாவது. ஒரு மனதாக நிறைவேறியது. புதிதாக வரும் ஆசிரியர், முன்பு பணி செய்த ஊரின் ஜமாஅத்திடமிருந்து விலகியதற்கான காரணத்தை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்பது இரண்டாவது. சிறிது விவாதத்துக்குப் பின் அதுவும் நிறைவேறியது. மக்தபின் வெளிச்சுவரில் 1098 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்பது மூன்றாவது. "வழியில் போகிறவர்கள் இங்கே ஏதோ நடந்துவிட்டது என்று நினைப்பார்களே" என்றார் முத்தவல்லி. அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் மஃரிபுக்குப் பின் ஓத வரும் பிள்ளைகளுக்கு அந்த நான்கு இலக்கங்களையும் வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.